பாலிதீன் கவருக்குள் ஒரு கை

இதை எனக்கு முதலில் சொன்னது ரோஸ்லின் மதினி. போன தவசு காலத்தில், சிலுவைப் பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது.

மதினியின் அண்ணன் லாசருக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போக, கார் கழுவும் ஷெட்டுக்குத் தொழில் படிக்க வந்தார். கற்றுக்கொடுத்தவள் ஜெனோவா, இருபத்தாறு வயசுப் பிள்ளை. "வாத்தியாரம்மா" என்று கிண்டலாகத்தான் கூப்பிடுவார். ஆனால் சொன்னதைக் கேட்பார்.

அன்று ஒரு வெள்ளைக் காரை இரண்டு தடவை நுரை போட்டுக் கழுவிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது, வாத்தியாரம்மா."

ஜெனோவா ஒரு மெல்லிய பாலிதீன் கவரை நீட்டினாள். "இதைக் கையில மாட்டிக்கிட்டுத் தடவுங்க, அண்ணாச்சி. வெறுங்கைக்குத் தெரியாதது இதுல தெரியும்."

தடவினார். பளபளவென்றிருந்த கார் உப்புத்தாள் மாதிரி நறநறத்தது.

"கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"ஹார்பர்ல நிக்கிற வண்டி. இரும்புத் தூளு பெயிண்ட்டக் கடிச்சுப் பிடிச்சிருக்கு. கழுவினா போகாது."

லாசர் கவர் மாட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இப்படித்தாம்மா. அம்மா அடக்கத்தன்னைக்கு, 'நீ பாத்துக்காமத்தான் செத்தா'ன்னு ஊர் முன்னாடி சொன்னான் என் தம்பி. மன்னிச்சிட்டேன்னு சாமியார்கிட்ட ரெண்டு தடவை சொல்லியாச்சு. நேத்து அவன் மக கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தான். குரலைக் கேட்டதும் உள்ள நறநறங்குது. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

ஜெனோவா, ஒட்டிய தூளை உருவி எடுக்கக் காருக்கென்றே வரும் களிமண்ணைப் பிசைந்து அவர் கையில் வைத்தாள். லாசர் தம்பியை நினைத்துக்கொண்டே தேய்த்தாரோ என்னவோ, பானெட்டில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது.

"ஐயோ, கெடுத்துட்டேனே!"

"பாலிஷ்ல எடுத்துக்கலாம்." சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். களிமண்ணை மடித்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அழுத்தாதீங்க. தண்ணி காயாமப் பாத்துக்கிட்டு, சும்மா நகத்துங்க. ஒரு சாண் இடம். அப்புறம் அடுத்த சாண்."

லாசர் நகர்த்தினார். ஒரு கதவு முடியவே முதுகு கழன்றுவிட்டது.

"எனக்குள்ள இருக்கிறது கல்யாணத்துக்குள்ள போயிருமா, வாத்தியாரம்மா?"

"போகாது, அண்ணாச்சி. இந்த நறநறப்போடதான வண்டி இதுவரைக்கும் ஓடி வந்துச்சு?"

லாசர் களிமண்ணை மடித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

நீங்கள் அந்த ஷெட் பக்கம் போனால், இன்னும் சாண் சாணாக நகர்த்திக்கொண்டிருக்கும் அவரிடம் "இன்னும் முடியலையா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.