கூடத்துக்கு வந்த நெல்

செல்லப் பூனை வெளியே போய் நாய் கடித்துச் செத்ததிலிருந்து, ஜமீன்தார் வேங்கடபதி அடுத்த பூனையை வாசல் தாண்டவே விடவில்லை. கொல்லையில் தனியாக இருந்த நெற்களஞ்சியத்தில் எலிகள் பெருகிவிட்டன.

களஞ்சியத்தைக் காக்கும் செம்பாயியைக் கூப்பிட்டார். "பூனை வெளியே போகக் கூடாது. எலி ஒரு நெல்லையும் தொடக் கூடாது. நாளைக்குள் வழி பண்ணு, இல்லாட்டி உனக்கு வேலை இல்லை."

"ஆகட்டும் சாமி," என்றாள் அவள்.

மறுநாள் கோயிலிலிருந்து திரும்பியவருக்குக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கும் நெல்மூட்டைகள்.

"என்னடி இது?"

"பூனை அங்கே போகக் கூடாதுன்னீங்க. அதான் நெல்லைப் பூனை இருக்கிற இடத்துக்கே கொண்டாந்துட்டேன் சாமி."

அவர் முகம் சிவந்தது. "வெளியே விட்டால் இதையும் நாய் கடித்துக் கொன்றுவிடாதா?"

செம்பாயி குரலைத் தாழ்த்தினாள். "கடிச்சது உங்க வேட்டைநாய்தானே சாமி? அது ஊரெல்லாம் சுத்துது. ஒரு பாவமும் பண்ணாத பூனையைத்தான் அடைச்சு வச்சிருக்கோம்."

ஜமீன்தார் தாமே சங்கிலியை எடுத்துப்போய் நாயைக் கட்டினார். திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பூனை உடனே ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.