ஒடையாத வில்லு

ஒரு ஊர்ல ஒரு வில்லு செய்யற பொம்பள இருந்தா. பேரு சடைச்சி. என்ன ஆதிரை, சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா அத்தை யாருக்குக் கதை சொல்றது? சோறு வேணாம்ன, சரின்னு விட்டேன். கதைக்காவது ‘ம்’ சொல்லு.

“ம்.”

அப்படி. சடைச்சி வீட்டுக்காரன் பேரு கோம்பையன். அவன் மூங்கில் வெட்டிட்டு வருவான், இவ செதுக்குவா. சரக், சரக், சரக். வில்லுக்கு ரெண்டு கை உண்டு, ஸ்கூல்ல வில்லு பழகறவ, உனக்கே தெரியும். நடுவுல புடி, அதுக்கு மேல ஒரு கை, கீழ ஒரு கை. ரெண்டும் ஒண்ணுபோல வளையணும். ஒண்ணு வெறைப்பாவும் ஒண்ணு தொளதொளன்னும் இருந்தா அம்பு கோணிக்கிட்டுப் போகும். அதனால ஒரே மூங்கிலப் பொளந்து ரெண்டு கையும் எடுப்பா. அப்புறம் நெருப்புல காட்டிக் காட்டி வளைப்பா.

அப்போ ராஜா ஆள் அனுப்பினான். இளவரசனுக்கு வில்லு வேணுமாம். செஞ்சு கொண்டுபோய்க் குடுத்தா. இளவரசன் வாங்கினான். அம்பு வைக்கல. நாண காது வரைக்கும் இழுத்தான், சும்மா விட்டான். டொய்ங்! அந்தச் சத்தம் அவனுக்குப் புடிச்சுப்போச்சு. இன்னொரு தடவை. டொய்ங்! அப்புறம் இன்னொண்ணு. டொய்... படார்! மேல் கை நீளவாக்குல பொளந்துபோச்சு.

“அத்தே! வெறும் நாண விடக் கூடாது! மொத நாளே சார் சொன்னாரு!”

ஏனாம்?

“அம்பு இருந்தா வேகத்த அது வாங்கிட்டுப் போயிடும். இல்லன்னா வேகம் எங்க போகும்? வில்லோட கைக்குள்ளயே திரும்பி வந்து ஒடைச்சிடும்.”

இந்தப் பக்கம் திரும்பிட்ட, நல்லது. சடைச்சியும் அதையேதான் சொன்னா. “சாமி, இளவரசரு அம்பு இல்லாம விட்டாரு”ன்னா. உடனே மந்திரி எகிறினான். “யார்மேல பழி போடற? மூங்கில் மட்டம். வெட்டினது யாரு, உன் புருஷன்தானே?” கோம்பையன இழுத்துட்டுப் போய் யானைக் கொட்டாய்ல அடைச்சாங்க. ராஜா சபைல எழுந்து நின்னு சொன்னான்: “என் மகன் கையில ஒடையாத வில்லு என்னிக்கு வருதோ, அன்னிக்கு இவன் வெளிய வருவான். இது என் வாக்கு.”

ஒடைச்சவன் பாயசம் குடிக்கப் போனான். மூங்கில் வெட்டினவன் யானைச் சாணி அள்ளப் போனான்.

“ச்சீ!”

ம், ச்சீதான். அப்புறம் சடைச்சி யோசிச்சா. உன் வெரல மடக்கு. உள்பக்கம் தோல் நசுங்குதா? வெளிப்பக்கம் இழுக்குதா? வில்லோட கையும் அப்படித்தான். நசுங்குற பக்கத்துக்கு எருமைக் கொம்புதான் சரின்னு நெனைச்சா. கொம்ப வெந்நீர்ல போட்டு, கொதகொதன்னு கொதிக்கவச்சு, எளகினதும் அமுக்கித் தட்டையாக்கி, கர், கர்னு அரம் போட்டு ராவினா. தோலக் காய்ச்சி எடுத்த பசையத் தடவி மூங்கில்ல ஒட்டி, கயித்தால வரிஞ்சு கட்டினா. அந்தப் பசை காய ஒரு கோடை முழுசும் வேணும். அவசரப்பட்டா உள்ள ஈரம் நின்னுடும். இவ வீட்ல பசை காயுது, அவன் கொட்டாய்ல சாணி அள்றான்.

கோடை முடிஞ்சு கொண்டுபோனா. “அம்பு வச்சு விடுங்க சாமி.” “எனக்கா சொல்லித் தர்ற?” டொய்ங்! டொய்ங்! டொய்... படார்! கொம்பு தனியா, மூங்கில் தனியா வந்துடுச்சு. மந்திரி மோந்து பாத்துட்டு, “பசை மட்டம்”னான்.

“இவரு பெரிய பசை!”

அப்புறம் மூணாவது வில்லு. உள்பக்கம் கொம்பு. வெளிப்பக்கம், அந்த இழுக்கிற பக்கம், மாட்டுக்கால் நரம்பு. காஞ்ச நரம்ப டொக்கு டொக்குன்னு தட்டி, தேங்கா நாரு மாதிரி பிரிச்சு, பசையில முக்கி, படியப் படிய ஒட்டினா. இன்னொரு கோடை போச்சு. அத வளைச்சா பாம்பு மாதிரி வளையும், விட்டா புலி மாதிரி நிமிரும். அப்படி ஒரு வில்லு. இந்தத் தடவை அவளே ஒரு அம்பையும் இளவரசன் கையில குடுத்தா. அவன் அந்த அம்ப வாங்கி என்ன பண்ணான் தெரியுமா? முதுகு சொறிஞ்சான்.

“ஐயோ!”

சொறிஞ்சுட்டு அத ஓரமாப் போட்டான். டொய்ங்! டொய்ங்! டொய்... படார்! “நரம்பு மட்டம்”னான் மந்திரி. ராஜா எதிர்லயேதான் உக்காந்திருந்தான். ரெண்டு கண்ணாலயும் பாத்தான். பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். எனக்கு அங்கதான்டி வயிறு எரியுது. தெரியாதவன் தப்பா தீர்ப்பு சொன்னா அது வேற.

அப்போ சடைச்சி கொட்டாய்க்குப் போனா. கோம்பையன் கூடையும் கையுமா நின்னான். “எப்படி இருக்க?”ன்னு கேட்டா. “யானை பரவால்ல. மனுஷன்மேல சாணி போட்டா அதுக்கே வெக்கமா இருக்கு”ன்னான். சடைச்சிக்கு சிரிப்பு வந்துச்சு, சிரிச்சதுல அழுகையும் வந்துச்சு. அப்புறம் மூக்க சிந்திட்டுக் கேட்டா, “ராஜா எந்த மாதிரி வில்லு கேட்டான்?” “ஒடையாத வில்லு.” “வேற ஏதாவது சொன்னானா?” “வேற ஒண்ணும் சொல்லலயே.”

வீட்டுக்கு வந்தா. மூங்கில எடுக்கல, கொம்ப எடுக்கல, பசை காய்ச்சல. மூலையில நெல்லுக் குத்தற ஒலக்கை சாஞ்சிருந்துச்சு. அதோட ரெண்டு முனையிலயும் ஒரு நாணக் கட்டினா. மறுநாளே கொண்டுபோயிட்டா.

“ஒலக்கையவா!”

ஒலக்கையத்தான். இளவரசன் இழுத்தான். ம்ம்ம்ம்ம்! அசையல. கால முட்டுக்குடுத்து இழுத்தான். ம்ம்ம்ம்ம்! மந்திரியும் வந்து நாணப் புடிச்சுத் தொங்கினான். கை வழுக்கி ரெண்டு பேரும் தொபுக்கடீர்னு விழுந்தாங்க. மந்திரியோட தலப்பாகை உருண்டு ராஜா காலடில போய் நின்னுச்சு.

சிரிக்கறியா? சபையும் சிரிச்சுது.

“இது வில்லாடி? வளையவே இல்லையே!”ன்னு ராஜா கத்தினான். சடைச்சி சொன்னா: “வளையற கையெல்லாம் உங்க மகன் ஒடைச்சாச்சு சாமி. இது வளையாது. நல்லாப் பாருங்க, எங்கயாவது ஒடைஞ்சிருக்கா?” ஒடையல. அத்தன பேர் முன்னால குடுத்த வாக்கு. என்ன பண்ணுவான்? கோம்பையன விட்டாங்க. புருஷன் ஒரு தோள்ல ஒலக்கையப் போட்டுக்கிட்டான், ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தாங்க.

“ராஜா மன்னிப்பு கேட்டானா?”

இல்ல.

“இளவரசன்தான் ஒடைச்சான்னு சபைல யாராவது சொன்னாங்களா?”

ஒருத்தரும் வாயத் தொறக்கல.

“எங்க கிளாஸ் மாதிரியே. எல்லாரும் பாத்தாங்க அத்தே. தாளாளர் பையன்தான் வெறும் நாண விட்டு வில்ல ஒடைச்சான். பழிய என்மேல போட்டு, என் பேர டீம்லேர்ந்து எடுத்துட்டாங்க. நான் ஒடைக்கல.”

ம்.

“நீ நம்பறியா?”

நீ சொன்னா போதாதா?

“சடைச்சிகூட யாருமே போகலயா அத்தே?”

போகல. நாலு தடவையும் தனியாத்தான் போயி நின்னா. நாளைக்கு ஸ்கூலுக்கு உன்கூட நான் வர்றேன்.

“நம்ம வீட்டுல ஒலக்கை இல்லையே.”

பூரிக்கட்டை இருக்கு. மொதல்ல வாயால கேப்போம். சோறு மூடி வச்சிருக்கேன், பசிச்சா என்ன எழுப்பு. சடைச்சி வீட்டுக் கதவ சாத்திட்டா, கதையும் உள்ள போயிடுச்சு. நீ கண்ண மூடு.