இலவ மரத்தடியில் ஏழாவது

லாவோஸ் நாட்டு மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய விகாரை இருந்தது. அதில் இரண்டே பிக்குகள். குருவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சீடர் கம்சிங் ஐம்பதைத் தாண்டியவர். பிக்குகளுக்குள் வயது கணக்கில்லை, முதலில் காவி உடுத்தியவரே மூத்தவர். குரு சிறுவயதிலேயே உடுத்தியவர். கம்சிங், போர் முடிந்து பல வருடங்கள் அலைந்துவிட்டுத் தலை நரைத்தபின் வந்தவர்.

அவர் படையில் இருந்தவர் என்பது குருவுக்குத் தெரியும். எந்தப் படை என்று கேட்டதில்லை. பக்கத்து ஊர் வழியாக மூன்று படைகள் போயிருந்தன. மூன்றும் ஊரைக் காப்பாற்றவே வந்ததாகச் சொல்லின. விமானங்களும் அதற்காகத்தான் குண்டு போட்டனவாம்.

அந்த நாட்டில் துறவு ஏற்பவன் முதலில் தாயின் காலில் விழுவான். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பான். பொறுத்தேன் என்று சொல்லி அவள் தன் கையால் காவியை எடுத்துக் கொடுப்பாள். கம்சிங்குக்குத் தாய் இல்லை, உறவென்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே குருவே அலமாரியிலிருந்து ஒரு காவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுத்தது சரிதானா என்று பிறகு அவருக்கு அவ்வப்போது தோன்றும்.

கம்சிங் விதிகளை அணுவும் பிசகாமல் காப்பவர். இரண்டு விதிகள் அவருக்கு உயிர். ஒன்று, பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, புழு பூச்சி சாகும். விகாரையில் ஒரு வாழைக்கன்று நட வேண்டுமென்றாலும் ஊரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பார். மற்றொன்று, பிச்சை வாங்கும்போது கலயத்தை மட்டுமே பார்க்க வேண்டும், போடுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. அந்த ஊரில் எந்தப் பெண்ணின் முகமும் அவருக்குத் தெரியாது. எல்லோரும் மண்டியிட்டுச் சோறு போடுவார்கள், ஒருத்தி மட்டும் முக்காலியில் உட்கார்ந்து போடுவாள் என்பது தெரியும். ஏன் என்று கேட்டதில்லை.

விகாரைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வயல் தரிசாகக் கிடந்தது. போர் முடிந்த வருடம் அங்கே ஏதோ வெடித்தது, வானத்திலிருந்து விழுந்த குண்டு என்றார்கள். அன்றிலிருந்து ஊரே மேட்டு வழியாகச் சுற்றிப் போனது. இப்போது வாய்கள் பெருகிவிட்டன, நெல் போதவில்லை. இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லையே, இந்த மழைக்கு உழுதுவிடுவோம் என்று ஊர் முடிவு செய்தது. வந்து ஆசி சொல்லுங்கள் என்று பிக்குகளைக் கூப்பிட்டார்கள்.

குரு வயலில் கால் வைத்தார். கம்சிங் ஓடிவந்து அவருடைய காவியைப் பிடித்து இழுத்தார். சீடன் குருவை அப்படி இழுப்பது மகா குற்றம்.

"அங்க போகாதீங்க."

"ஏன்?"

"ஏழு இருக்கு."

"என்ன ஏழு?"

"நான் புதைச்சது."

குரு தான் வைத்த அடியிலேயே திரும்பக் கால் வைத்து வெளியே வந்தார். இன்று நாள் சரியில்லை என்று ஊராரிடம் சொல்லி அனுப்பினார்.

விகாரைக்கு வந்ததும் கம்சிங் அழுதார். எதிரி அந்த வழியாக வருவான் என்று மேலிடத்தில் சொன்னதால் கண்ணிவெடிகளைப் புதைத்ததையும், எதிரி வராமலே போனதையும், புதைத்ததை எடுக்க உத்தரவு வராததையும் சொன்னார். இரவும் பகலும் தியானத்தில் உட்கார்ந்தால் இந்தப் பாவம் கரையுமா என்று கேட்டார்.

"இடம் ஞாபகம் இருக்கா?" என்றார் குரு.

"கண்ணை மூடினா அதுதான் தெரியுது."

"அப்போ எடுங்க."

"மண்ணைத் தோண்டக் கூடாதே."

குரு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"காவியைக் கழட்டிக் கொடுங்க."

கம்சிங் கொடுத்தார். அவருக்கு உலகத்தில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

பழைய கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் வயலில் இறங்கினார். குரு ஊராரிடம் உள்ளதைச் சொல்லி, யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டார். கம்சிங் வயிறு தரையில் படப் படுத்து, கூராக்கிய மூங்கில் குச்சியைச் சாய்வாகச் செருகிச் செருகி நகர்ந்தார். புதைத்த கைக்கு எடுக்கவும் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் காட்டோரக் குழிக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் ஊர் நாய்கள் நெடுநேரம் குரைத்தன.

ஆறு கிடைத்தன. ஏழாவதை ஓர் இலவ மரத்தடியில் வைத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மரத்தைச் சுற்றி வேர் தெரியத் தோண்டினார். மழையில் மண் நகர்ந்திருக்கும் என்று வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஊரில் ஏர்கள் தயாராக இருந்தன. ஏழாவது கிடைக்காமல் யாரையும் வயலில் விட அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு காலையில் வயல் ஓரத்தில் யாரோ வந்து நின்ற சத்தம் கேட்டது. வாழை இலையில் சோற்றுப் பொட்டலம் ஏந்திய கை தெரிந்தது. கலயத்தின் மேல் தினமும் பார்த்த கை அது. இப்போது அவர் பிக்கு இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வை இறங்கியது. பாவாடையின் கீழே ஒரு பாதமும் ஒரு மரக்கட்டையும் இருந்தன.

அவள் பெயர் மலிச்சான். முக்காலியில் உட்கார்ந்து சோறு போடுகிறவள்.

"மரத்தடியில தேடாதீங்க பெரியவரே," என்றாள். "அங்க இருந்தது எனக்குக் கிடைச்சிடுச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பொட்டலத்தை வரப்பில் வைத்துவிட்டு, கோலை ஊன்றி நடந்து போனாள். கம்சிங் மூங்கில் குச்சியைக் கையில் பிடித்தபடி வெயில் ஏறும்வரை குழியிலேயே உட்கார்ந்திருந்தார். சோற்றை அவரால் தொட முடியவில்லை.

மாலையில் விகாரைக்குத் திரும்பினார். வயலில் இனி ஒன்றும் இல்லை என்று அறிந்த பிறகும் மேட்டைச் சுற்றித்தான் வந்தார். குரு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"ஆறு எடுத்துட்டேன். ஏழாவது எடுக்க முடியாத இடத்துல இருக்கு."

குரு பெருக்குவதை நிறுத்தினார்.

"உழச் சொல்லிடுங்க. பயமில்லை."

"சொல்றேன்."

கம்சிங் கைகளைக் கழுவினார். நகத்துக்குள் ஏறிய மண் போகவில்லை. அப்படியே கைகளைக் கூப்பினார்.

"குருவே, என் காவியைத் திரும்பக் கொடுப்பீங்களா?"

"என்கிட்ட இல்லையே. நீங்க கழட்டின அன்னைக்கே மலிச்சான்கிட்ட கொடுத்துட்டேன்."

கம்சிங் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா, கொடுப்பாளா?"

"தெரியாது," என்றார் குரு. "வயல் வழியாப் போங்க. கிட்டத்தான்."