மவுஸ் பிடிக்காத கை

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்திரண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் கணினியில் விண்ணப்பம் ஏற்றுகிற வேலை. பைக்கிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு போயிற்று. மவுஸைப் பிடித்தால் உயிர் போகிற வலி. கீபோர்டு தட்டலாம், மவுஸ் மட்டும் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் மவுஸைத் தொடாமல் வேலை செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் தபால் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதை நினைத்தாலே அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

பாளையங்கோட்டையில் கணினி வகுப்பு நடத்தும் நஸ்ரின், மவுஸ் இல்லாமல் வேலை செய்யும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் வாய் நிறைய ‘டீச்சர்’ என்பார்.

பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்கிற சின்னத் துணை நிரல் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். எஃப் தட்டினால் திரையிலுள்ள ஒவ்வொரு லிங்க் மேலும் ஓரிரு எழுத்து தோன்றும். அந்த எழுத்தைத் தட்டினால் லிங்க் திறக்கும். அண்ணாச்சி ஒன்றோடு நின்றாரா? நாலு போட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எது வேகம், எதில் தேடுவது சுலபம் என்று ஒரே ஆராய்ச்சி.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்காக ஒரு விண்ணப்பத்தை முக்கால்வாசி நிரப்பியிருந்தார். பக்கத்தைக் கீழே நகர்த்த டி தட்டினார். பக்கமே மூடிக்கொண்டது. நிரப்பியதெல்லாம் போச்சு.

“நேத்து டி தட்டினா கீழதானே போச்சு, டீச்சர்?”

“நேத்து நீங்க ஓட்டினது வேற ஒண்ணு, அண்ணாச்சி. இதுல டி தட்டினா மூடிரும்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மேனேஜர் முன்னால இப்படி ஆனா என் மானம் போயிரும். நாலுல எது உசத்தின்னு சொல்லுங்க. அதையே பிடிச்சுக்கிடுதேன்.”

நஸ்ரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். நாலு எக்ஸ்டென்ஷனும் இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்தபடி தட்டி ஒன்றை நீக்கினாள்.

“டீச்சர், பாக்காமலே அழிக்கீங்களே.”

அவள் இன்னொன்றை நீக்கினாள். மூன்றாவதும் போயிற்று.

“எதை மிச்சம் வச்சிருக்கீங்க?”

“நானும் இன்னும் பாக்கலை.”

அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என் பொழப்பு இதுல தொங்குது, நீங்க விளையாடுதீங்களா? மிச்சம் இருக்கது நாலுலயும் மட்டமானதா இருந்தா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாமா? அப்போ திங்கக்கிழமை நான் என்ன செய்ய?”

நஸ்ரின் கீபோர்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

“திங்கக்கிழமை மேனேஜர் பாக்க வர்றது எக்ஸ்டென்ஷனையா, உங்க கைப்பழக்கத்தையா?”

அண்ணாச்சி கீபோர்டை அருகில் இழுத்துக்கொண்டார். விண்ணப்பத்தைத் திறந்து, முதல் கட்டத்திலிருந்து நிரப்ப ஆரம்பித்தார்.