பார்க்காததைக் கூவிய ஆள்காட்டி

பள்ளிவாசல் குளத்தின் மேல்கரையில், வெறும் சரளைக்கல்லில், சபுரா என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தாள். அவளுக்கு இதுதான் முதல் ஈடு. காற்றில் ஒரு சருகு உருண்டாலும் பதறி எழுவாள். ஒரு நாளைக்கு நூறு முறை முட்டைகளை எண்ணிப் பார்ப்பாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள்காட்டி “டிட்டிட்டீ!” என்று கூவினால் எல்லோரும் நம்புவார்கள். ஏனென்றால், கண்ணால் கண்டதற்குத்தான் ஆள்காட்டி கூவும். சபுராவின் அம்மாவும் அப்படித்தான் கூவினாள். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான்.

ஒரு நாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு சபுரா தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். முட்டைகளின் அருகில் ஈசுப்பு நானா நின்றிருந்தார். கரைக்கே அண்ணன் போன்ற அவர் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு போன்ற செதில். முழம் நீளத்துக்கு நாக்கு. அந்த நாக்கு சரளைக்கல்லுக்கு இடையில் போய்ப் போய் வந்தது. அவளைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு நடந்துபோனார்.

சபுரா எண்ணினாள். நான்கு முட்டையும் இருந்தன. ஆனாலும் பயம் போகவில்லை.

“ஜைத்தூன் லாத்தா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்று அக்கா முறையான முயலின் காதில் ஓதினாள். “ஈசுப்பு நானா என் முட்டைகிட்ட நாக்கை நீட்டிக்கிட்டு நின்னார்! வேற எதுக்கு?”

“அடியாத்தி! நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?” என்றது முயல்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்குள் ஈசுப்பு நானா மயிலின் முட்டை இரண்டைத் தின்றுவிட்டார் என்று கரை முழுக்கப் பேச்சு.

எல்லோரும் சபுராவிடம் திரண்டு வந்தார்கள். முள்ளம்பன்றி முன்னால் நின்றது.

“நீ பார்த்தியா, இல்லையா? பார்த்திருந்தா கூவு!”

அவர் தின்றதை அவள் பார்க்கவில்லை. அது அவளுக்கே தெரியும். ஆனால் தன் முட்டைகளைப் பார்த்தாள்; பயம் மேலிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கூவிவிட்டாள். “டிட்டிட்டீ!”

அவ்வளவுதான்! ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். ஈசுப்பு நானா பந்தாகச் சுருண்டுகொண்டார்.

“வாயைத் திறக்கிறாரா பாருங்க! தப்பு பண்ணினவருக்குத்தான் பேச்சு வராது!” என்றது முயல்.

சுருண்ட அழுங்கின் வாய் வயிற்றோடு மடங்கிக் கிடக்கிறது, எப்படிப் பேசும்? அவரை உருட்டிக்கொண்டே போய், குளத்துக்கு அப்பால் கல்லுடைத்த பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தார்கள்.

அதற்கு ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. முட்டைக்குள் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டது. ஒன்றில் ஓடு கீறியது. சபுரா பூரித்துப்போனாள். மறுநிமிடம் செவ்வெறும்புகளைக் கண்டாள். கீறல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அவளும் புருஷனும் கொத்தினார்கள், உதறினார்கள். பத்தைக் கொன்றால் நூறு வந்தது.

“ஏன் மச்சான், இத்தனை நாள் இந்தப் பக்கம் எறும்பே இல்லையே!”

“இத்தனை நாள் ஈசுப்பு நானா இருந்தாரே புள்ள. எறும்பைத் தவிர வேற எதையாவது அவர் தின்னு நீ பார்த்திருக்கியா?”

சபுரா வானத்தைப் பார்த்தாள். “யா அல்லாஹ், தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிரு!” என்றாள்.

அந்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜும்ஆ பயான் கேட்டது. இமாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒருத்தரைப் பழிச்சுப் பேசிட்டு அல்லாஹ்கிட்ட அழுதா மட்டும் போதாது. அந்த ஆளுகிட்டயே போய் மாப்பு கேளுங்க.”

“மச்சான், இறக்கையால மூடிக்கிட்டு உட்காருங்க. எறும்பு கடிச்சாலும் எந்திரிக்காதீங்க. நான் போய்ட்டு வந்துடறேன்!”

பள்ளத்தில் ஈசுப்பு நானா செதில் பெயர்ந்து, மெலிந்து கிடந்தார்.

“நானா, நான் பார்க்காததைச் சொன்னேன். மாப்பு கொடுங்க.”

“உன் கூட்டுக்கு எறும்பு தடம் போட்டிருந்தது. அதைத்தான் நக்கிக்கிட்டிருந்தேன்” என்றார் அவர். “ஊரைக் கூட்டிச் சொன்னே. இப்போ பள்ளத்துல வந்து காதுல சொல்றியே, சபுரா!”

அவளுக்குப் புரிந்தது. பொய்யாகக் கூவினேன் என்று ஊரறிய ஒப்புக்கொண்டால் இனி யார் அவளை நம்புவார்கள்? நாளைக்குக் கீரி வந்து அவள் கூவினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

அன்று கூவிய அதே கல்லில் போய் நின்றாள். அன்றைவிட உரக்கக் கூவினாள். எல்லோரும் ஓடி வந்தார்கள்.

“எங்கே? யாரு?”

“நான்தான்! ஈசுப்பு நானா எந்த முட்டையையும் தொடலை. நான் எதையும் பார்க்கலை. பார்க்காமலே கூவினேன்!”

“அடிப்பாவி! இனி நீ கூவினா நாங்க காதைப் பொத்திக்குவோம்” என்றது முள்ளம்பன்றி.

“பொத்திக்குங்க. ஆனா அவரை உருட்டினது நீங்க. லாத்தா, மயில் முட்டையைச் சேர்த்தது நீங்க. வாங்க என்கூட!”

முயல் காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு முதலில் நடந்தது.

பள்ளத்திலிருந்து ஈசுப்பு நானாவின் நடைக்குக் கரை வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். அவரே சொன்னார்: “உருட்டிப் பழகினவங்கதானே! வாங்க, உருட்டுங்க. இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா!”

மேட்டில் முட்டித் தள்ளி, மூச்சு வாங்க, அவரைக் கூட்டருகே கொண்டுவந்தார்கள். சுருள் பிரிந்தது. நாக்கு நீண்டது. கொஞ்ச நேரத்தில் ஓர் எறும்பு மிச்சமில்லை.

மூன்று குஞ்சுகள் ஈரத்தோடு வெளியே வந்தன. முதலில் கீறிய முட்டையில் மட்டும் சத்தமில்லை.

சபுரா அதைக் காலால் மெல்லத் தொட்டாள். பிறகு ஈசுப்பு நானாவின் முன் தலை குனிந்து நின்றாள்.

“மாப்பு கொடுத்துட்டேன்” என்றார் அவர். “ஆனா அந்த ஒண்ணை என்னால திருப்பித் தர முடியலையேம்மா.”

அடுத்த நாளிலிருந்து மூன்று குஞ்சுகளுக்கும் சபுரா கூவக் கற்றுக்கொடுக்கவில்லை. முதலில் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள்.

பேசிய சொல்லுக்கு மாப்பு கிடைக்கலாம், அது அழித்ததோ திரும்பாது. ஆகவே கண்டறிந்த நல்லதைப் பேச வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.