வலது பையில் இருந்த கட்டு

படைமுகாமில் குருவுக்கு உஸ்தாத் என்று பெயர். ஹவில்தார் இருதயராஜ் அப்படி ஓர் உஸ்தாத். காயம்பட்டவனின் ரத்தத்தை நிறுத்துவது எப்படி என்று சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பாதி நேரம் திட்டுவார். மீதி நேரம் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார்.

அவருடைய பாடத்தில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு சிப்பாயின் கால்சட்டை வலது பையிலும் காயத்துக்குப் போடும் கட்டுத்துணி ஒன்று இருக்கும். அடிபட்டு விழுந்தவனுக்கு அவன் பையில் இருப்பதை எடுத்துத்தான் கட்ட வேண்டும்.

"ஒன்னோடதைத் தொடாதல. அடுத்து நீ விழுவ. அப்ப ஒன் பையில கை விடுதவன் வெறுங்கையோட நிக்கக் கூடாது."

மறந்தவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

லீவு முடிந்து சிப்பாய் தாணுலிங்கம் திரும்பி வந்தான். இடது கன்னம் பணியாரம் போல வீங்கியிருந்தது.

"என்னல இது? எவம்ல அடிச்சான்?"

"எவனும் இல்ல உஸ்தாத். ஒரு அக்கா."

உஸ்தாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதைக் கேட்காமல் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன செஞ்ச?"

"அவங்க வீட்டுக்காரர் மடியில கை விட்டேன்."

நடந்தது இதுதான். ஊரிலிருந்து கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்து இளநீர்க் கடையில் நின்றிருந்தான் தாணுலிங்கம். கடைக்காரர் சொர்ணமணி காய் சீவும்போது அரிவாள் வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. சுற்றி நின்றவர்கள் ஐயோ ஐயோ என்றார்கள். தாணுலிங்கத்தின் கை மட்டும் படித்த பாடப்படி நேராக அவருடைய வலது பைக்குப் போனது. அவர் கட்டியிருந்ததோ லுங்கி. லுங்கியில் ஏது பை? கை போய் நின்ற இடம் மடியில் செருகியிருந்த பணப்பை.

சொர்ணமணியின் மனைவி சந்தனமாரி விட்டாள் ஓர் அறை.

"சாகக் கெடக்க மனுசங்கிட்டயா திருடுத, பாவி!"

உஸ்தாத் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"ஆளு?"

"இருக்காரு உஸ்தாத். காலையில போன்ல பேசினாரு. கஞ்சி குடிச்சாராம்."

"ரத்தத்தை எப்படி நிறுத்துன?"

தாணுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். உங்களிடம் ஓட்டம் வாங்கப் பயந்து லீவிலும் கட்டுத்துணியோடுதான் திரிந்தேன் என்று முதலில் ஒப்புக்கொண்டான்.

"அதை எடுத்துக் கட்டிட்டேன் உஸ்தாத். அதுவும் நனைஞ்சு போச்சு. அவிழ்க்காம அதுக்கு மேலயே வைக்க இன்னொரு துணி கேட்டேன். அந்த அக்கா யோசிக்கவே இல்ல. முந்தானையைக் கிழிச்சுக் குடுத்தாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவுல ரெண்டு பேருமா அமுக்கிப் பிடிச்சிட்டே போனோம். அவங்க ஒரு கை காயத்துல. இன்னொரு கையால என் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாங்க."

உஸ்தாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை.

"என்னோடதை எடுத்து விதியை மீறினது தப்புதான் உஸ்தாத். ஓடச் சொல்லுங்க, ஓடுதேன். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அப்பவே எனக்கும் ஏதாவது ஆகியிருந்தா? அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கிட்டயும் கட்டுத்துணி கெடையாது. என் பையும் காலி. என்னை எதை வச்சு உஸ்தாத் கட்டியிருப்பாங்க?"

உஸ்தாத் எழுந்தார். தன் வலது பையில் இருந்த கட்டுத்துணியை எடுத்து அவன் பையில் திணித்தார். வீங்காத கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"முந்தானையைத்தானல கிழிச்சா? ஒனக்குக் கட்ட மீதிச் சேலை இருந்துச்சுல்லா."