பெல்ட் நின்றால் வரும் குரல்

ஓசூர்ப் பக்கம் ஒரு பிஸ்கட் ஃபேக்டரி. அதன் மேனேஜர் தணிகாசலம் வாயைத் திறந்தால் மிஷின் சத்தமே அடங்கிப்போகும். ஆட்டோமேஷன் படித்துவிட்டு முதல் வேலைக்கு வந்த ஜெசிந்தாவிடம் அவர், "நாளைக்குள்ள இங்க ஒருத்தர் பார்க்கிற வேலையை மிஷின் தானா பார்க்கணும். பைசா செலவு கிடையாது. முடியலைன்னா ஊருக்கு பஸ் ஏறிடு" என்றார்.

பாக்கெட் அடுக்கும் பெண்கள் போகப்போவது தங்கள் வேலைதான் என்று பேசிக்கொண்டார்கள். ஜெசிந்தா அவர்கள் பக்கமே போகவில்லை. ஃபோனோடு மேனேஜர் பின்னால் அரை நாள் சுற்றினாள். பிறகு, பெல்ட் நின்றதும் பேசும்படி ஒரு பழைய ஸ்பீக்கரை சென்சாரோடு இணைத்தாள்.

மறுநாள் முதலாளியம்மா உள்ளே நுழைந்த நேரம், பாக்கெட் சிக்கி பெல்ட் நின்றது.

"யாருய்யா நிறுத்தினது? சோறுதானே திங்கிறீங்க?"

"பரவாயில்லையே! தணிகாசலம் காலையிலேயே வேலையில இறங்கிட்டாரே" என்று பூரித்துப்போனார் முதலாளியம்மா.

சத்தம் கேட்டு ஏசி அறைக் கதவு திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, கன்னத்தில் மேஜை விளிம்பின் தடத்தோடு தணிகாசலம் வெளியே வந்தார்.

"யாருய்யா நிறுத்தினது?" என்று அவரைப் பார்த்தும் அதட்டியது ஸ்பீக்கர்.

"என்னம்மா இது?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார் முதலாளியம்மா.

"ஒருத்தர் பார்க்கிற வேலையை மிஷினுக்கு மாத்தச் சொன்னாரு மேடம். இதுதான் ரொம்ப சுலபமா இருந்துச்சு."

"இவர் வேற என்ன வேலை பார்க்கிறார்?"

"தூங்குறாரு. அதை மிஷினுக்குப் பழக்க எனக்கு மனசு வரலை மேடம்."